இரவல் நாயகன்

லட்டு தின்றால் பீமுக்குப் பலம் வரும். இந்த விதியைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹைதராபாதில் ராஜீவ் சிலாகாவின் கிரீன் கோல்டு அனிமேஷன் உருவாக்கி, 2008ல் போகோ சேனலுக்கு வந்த 'சோட்டா பீம்' அதை ஏற்கெனவே கற்றுத்தந்துவிட்டது.

மும்பையின் நசாரா டெக்னாலஜிஸ் செல்போன் விளையாட்டுத் தொழிலில் பழம்பெருச்சாளி. ஆனால் புதிதாக ஒரு நாயகனை உருவாக்கி வீடுதோறும் அறிமுகப்படுத்த ஆண்டுகள் பிடிக்கும். எனவே உரிமம் பெற்று பீமையே விளையாட்டில் இறக்கியது. இரு தரப்புக்கும் லாபம்: கார்ட்டூன் முடிந்த பிறகும் பீம் குழந்தையின் கையில் இருந்தான்.

சிக்கலும் அங்கேதான். பீம் ஹைதராபாதின் சொத்து. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பிவிடுவான். நசாரா அவனோடு நிற்கவில்லை. 2018ல் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகள் நடத்தும் நாட்வினில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2021ல் பங்குச்சந்தையில் நுழைந்தது. இரவல் நாயகன் கூட்டம் சேர்ப்பான். குடியிருக்க வீடு சொந்தமாக வேண்டும்.