கையேந்தி பவனும் உருளாத வண்டியும்

தள்ளுவண்டிக் கடையை 'கையேந்தி பவன்' என்று நக்கலாகச் சொல்லிப் பழகிவிட்டோம். கையேந்தி நிற்பது தட்டைப் பிடித்திருக்கிற நாம்தான். வண்டிக்காரர் யாரிடமும் கையேந்தவில்லை. மாவரைத்து, அடுப்பும் பாத்திரமுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, இரவு வரை நின்று சம்பாதிக்கிறார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் சாயங்காலம் நிற்கும் வண்டிகளை எல்லாம் அகற்றச் சொல்லி ஒரு மனு கைமாறிக்கொண்டிருக்கிறது. ஊருக்கு அழகில்லை, சுத்தமில்லை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மூன்று காரணங்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் என்னைப்போல ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். என்னிடமும் வந்தது. போடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

முதலில் அழகு. மனுவைக் கொண்டுவந்த நண்பர் போன மாதம்தான் மகனைப் பார்க்கச் சென்னைக்குப் போய், ஒரு மாலில் மெக்சிகோ நாட்டு டாக்கோ சாப்பிட்டதைப் பெருமையாகச் சொன்னார். அந்தக் கடையை நானும் பார்த்திருக்கிறேன். மக்காச்சோள மாவு அடையை மடித்து, உள்ளே கறியோ பயறோ வைத்து, வெங்காயம், தக்காளி, மிளகாய்ச் சாறு சேர்த்துத் தருகிறார்கள். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் கடை எதில் நடக்கிறது தெரியுமா? வர்ணம் பூசிய மரவண்டியில். சக்கரம் இருக்கிறது, உருளாது. உருளாத வண்டிக்கு முந்நூறு ரூபாய், உருளும் வண்டிக்கு மனு!

டாக்கோ அந்த ஊரில் தெருச் சாப்பாடு. வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே தின்றுவிட்டுப் போவார்கள். மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை யுனெஸ்கோ 2010-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு அதே பட்டியலில் பிரெஞ்சுக்காரர்களின் விருந்துச் சாப்பாடும் சேர்ந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். முள்கரண்டி எந்தக் கையில், கத்தி எந்தக் கையில் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்ததெல்லாம் நினைவிருக்கிறது. அந்தப் பிரெஞ்சு தேசத்து மிஷ்லேன் டயர் கம்பெனி, பெரிய பெரிய உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறதே, அது 2024-இல் மெக்சிகோ நகரத்தில் உட்கார நாற்காலிகூட இல்லாத 'எல் கலிஃபா தெ லியோன்' என்ற டாக்கோ கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. முள்கரண்டிக்கு அங்கே வேலையே இல்லை.

அங்கும் 'அழகு' பார்க்கிறவர்கள் உண்டு. 2022-இல் மெக்சிகோ நகரின் குவாத்தெமோக் பகுதி நிர்வாகம், தெருக்கடைகளில் கையால் வரைந்திருந்த எழுத்துகளையும் படங்களையும் அழிக்கச் செய்தது. ஊரே சண்டைக்கு வந்தது.

போகட்டும், நம் வண்டி மிளகாய் பஜ்ஜியில் இருக்கும் மிளகாயும் சட்னியில் இருக்கும் தக்காளியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். போர்ச்சுகீசியர் கொண்டுவரும்வரை நமக்குக் காரம் என்றால் மிளகும் திப்பிலியும்தான்.

அடுத்தது சுத்தம். ஒரே வாளித் தண்ணீரில் தட்டை முக்கி எடுப்பது தவறு. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அந்தத் தெருவில் வண்டிக்காரர் தண்ணீர் பிடிக்க ஒரு குழாய் உண்டா? தண்ணீர் தராமல் சுத்தம் கேட்பது என்ன நியாயம்? தோசை நம் கண்முன்னே கல்லில் வேகிறது. சுண்டல் அன்றன்றைக்குத் தீர்ந்துபோகிறது. கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டலின் சமையல்கட்டுக்குள் நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

போக்குவரத்தைப் பற்றி ஒரு வரி போதும். துணிக்கடை வாசலில் மணிக்கணக்காக நிற்கும் கார்களைப் பற்றி மனுவில் ஒரு வார்த்தை இல்லை.

மனுவில் 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுளில் பாதியைக் கோப்புகளோடு கழித்த எனக்கு அந்தச் சொல்லின் வேலை தெரியும். அதை ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு மேசைக்கு மேசை யாரும் யோசிக்க மாட்டார்கள். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனம் தரும் தொழில் உரிமைதான், நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 1989-இல் சோதன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 2014-இல் தெரு வியாபாரிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதன்படி முதலில் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. பிறகு இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். இடம் ஒதுக்கும் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். பேரூராட்சிக்கும் இதுதான் சட்டம்.

இந்த வண்டிகளில் யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள். இரண்டாம் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்ட் முடித்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள், பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள். டவுன்ஷிப் வட்டங்களில் மரநிழலும் குவார்ட்டர்ஸும் கிடைத்தவர்களுக்கு வீட்டில் சாப்பாடு காத்திருக்கும். இவர்களுக்கு நாற்பது ரூபாய்க்கு வயிறு நிறைய வேறு எங்கே கிடைக்கும்?

மனு கொடுத்தே தீர வேண்டும் என்றால் வேறு மனு கொடுக்கலாம். இரண்டு தண்ணீர்க் குழாய், குப்பைத் தொட்டிகள், நல்ல தெருவிளக்கு, வண்டி நிற்க வெள்ளைக் கோடு, கூடவே சட்டப்படி ஒரு கணக்கெடுப்பு. வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். முதல் கையெழுத்தும் என்னுடையதாக இருக்கட்டும்.