பாரிட் நீரும் மானியப் பணமும்

2013 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஜொகூர் மாநிலத்து மூவாரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 என்று பதிவானது. 300ஐத் தாண்டினாலே அபாயம். 500ஐத் தாண்டினால் நெருக்கடிநிலை. மூவாரிலும் அன்றைய லேடாங் மாவட்டத்திலும் நெருக்கடிநிலை பிறப்பிக்கப்பட்டது. பள்ளிகள் மூடின, வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. இரண்டு நாளில் காற்று திரும்பியதும் நெருக்கடிநிலை விலக்கப்பட்டது. அந்தப் புகை நீரிணைக்கு அப்பால், சுமத்ராவின் ரியாவ் மாநிலத்திலிருந்து வந்தது. அன்று ஜொகூர் முழுவதும் கை நீட்டியது அந்தத் திசையில்தான். நியாயமான கோபம் அது.

ஆனால் ரியாவில் எரிந்த அதே வகை மண்தான் மூவார், பத்து பகாட், பொந்தியான் மாவட்டங்களின் தாழ்நிலங்களிலும் கிடக்கிறது. மலாயில் கம்புட், தமிழில் முற்றா நிலக்கரி மண். பல்லாயிரம் ஆண்டுகளாகத் தண்ணீரில் மூழ்கி, முழுக்க மட்காமல் தங்கிவிட்ட மரமும் வேரும் இலையும்தான் அது. ஜொகூரில் இத்தகைய நிலம் ஏறத்தாழ 1,44,000 ஹெக்டேர். ஈரமாக இருக்கும்வரை அதில் தீ பரவாது. தண்ணீரை வடித்துவிட்டால் அது விறகு. மேலே பற்றிய நெருப்பு மண்ணுக்குள் இறங்கி, சுடர் இல்லாமல் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே போகும். ஓரிடத்தில் அணைத்துவிட்டு நிமிர்ந்தால் இன்னோர் இடத்தில் புகை எழும். பொம்பா எனும் தீயணைப்புத் துறையின் வீரர்கள் கிலோமீட்டர் கணக்கில் குழாய் இழுத்து, மண்ணைச் சேறாக்கும்வரை தண்ணீர் விட வேண்டியிருப்பது அதனால்தான்.

ஆகவே ஜொகூரில் காட்டுத்தீ அபாயத்தைக் குறைப்பது என்றால் அடிப்படையில் வாய்க்காலில் தண்ணீர் நிறுத்துவது. அந்த வேலைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், யார் கையில் அது போய்ச் சேருகிறது என்பதற்கு ஒரு நூற்றாண்டுக் கதை உண்டு.

பாரிட் ராஜா, பாரிட் ஜாவா, பாரிட் சூலோங் என்று மேற்கு ஜொகூரில் ஊருக்கு ஊர் வாய்க்காலின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த ஜாவானியரும் பஞ்சார்களும் பூகிஸ்களும் கையால் வெட்டிய வடிகால்கள் அவை. வாய்க்கால் வெட்டிய பிறகுதான் தென்னை, பாக்கு, ரப்பர் எல்லாம். ஒவ்வொரு பாரிட்டுக்கும் ஒரு கெத்துவா பாரிட், வாய்க்கால் தலைவர், இருந்தார். தூர் வார ஆள் திரட்டுவதும் தண்ணீர்ச் சண்டையைத் தீர்ப்பதும் அவர் பொறுப்பு. செலவும் உழைப்பும் அந்தக் கரையில் குடியிருந்தவர்களுடையவை. பின்னர் 1954ஆம் ஆண்டின் வடிகால் பணிகள் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு அரசாங்க உருவம் கொடுத்தது: வடிகால் பகுதி அறிவிப்பு, வடிகால் வாரியம், நில உடைமையாளர்கள் கட்டும் வடிகால் வரி. தண்ணீரை வடிப்பதற்குத்தான் வரி. நிறுத்திவைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று யாருக்கும் வரவில்லை. வெள்ளத்தோடு போராடிய மக்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல.

பொந்தியான் பக்கம் கம்புட் நிலத்தில் செழித்தது அன்னாசி. பெக்கான் நானாஸ் என்ற பெயரே அன்னாசியிலிருந்து வந்ததுதான். அறுவடை முடிந்ததும் பழைய இலைத்தண்டுகளை வயலிலேயே கொளுத்துவது நெடுநாள் வழக்கம். சாம்பல் உரமாகும் என்ற நம்பிக்கை. தீக்குச்சியின் வேலை நம் மக்களுக்கும் புதிதல்ல. குளுவாங்கிலும் சிகாமட்டிலும் நம் பாட்டன்மார் காடு வெட்டிக் கொளுத்தித்தான் ரப்பர் நட்டார்கள். கங்காணி சொன்னபடி செய்தார்கள். அவர்கள் தோட்டங்களில் பெரும்பாலானவை மேட்டுநிலத்தில் இருந்ததால் நெருப்பு மேலேயே எரிந்து அவிந்தது. அதே பழக்கம் கம்புட் நிலத்தில் இறங்கியபோது கணக்கு மாறிவிட்டது. எரிக்காமல் மறுநடவு செய்ய முடியும் என்பதை மலேசியத் தோட்டத்துறையே காட்டியிருக்கிறது. 1989 வாக்கில் கோல்டன் ஹோப் நிறுவனம் பழைய செம்பனை மரங்களைத் துண்டாக்கி வரிசைகளுக்கிடையே மட்கவிடும் முறையைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியது. அதற்காக 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருதும் கிடைத்தது. இயந்திரமும் முதலும் உள்ள நிறுவனத்துக்கு அது சாத்தியம். மூன்று ஏக்கர்க்காரருக்குத் தீக்குச்சிதான் மலிவு. மானியம் என்று ஒன்று தேவைப்படுவது அந்த இடைவெளிக்காகத்தான்.

வெளிப்பணம் ஜொகூரின் தாழ்நிலத்துக்குப் பெரிய அளவில் வந்தது 1974இல். உலக வங்கிக் கடனுடன் மேற்கு ஜொகூர் ஒருங்கிணைந்த விவசாய மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. கடலோரத்தில் கரைகள் எழுந்தன. அலையேற்றத்தில் மூடி இறக்கத்தில் திறக்கும் மதகுகள் வந்தன. வாய்க்கால்கள் அகலமாயின, ஆழமாயின. ஏழைச் சிறுதோட்டக்காரர்களின் வருமானத்தை உயர்த்த நல்லெண்ணத்துடன் செய்த வேலை. அதே பகுதியில் நட்டுவைத்த அளவுக்குறிகளை ஆண்டுக்கணக்கில் அளந்து, 1997இல் வோஸ்டன், இஸ்மாயில், வான் வைக் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வடித்து 14 முதல் 28 ஆண்டுகள் ஆன காலத்தில் நிலம் ஆண்டுக்கு 4.6 சென்டிமீட்டர் வீதம் தாழ்ந்தது. அதன்பின் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர். மண் சுருங்குவது ஒரு பங்கு. பெரும்பங்கு காற்றுப்பட்டு மட்கிக் கரியமிலவாயுவாகப் போய்விடுகிறது. 2 சென்டிமீட்டர் என்றால் ஐம்பது ஆண்டில் ஒரு மீட்டர். மேற்கு ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் வேர் வெளியே தெரிய, மரம் சாய்ந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு மீட்டர் எங்கே போனது என்று விளங்கும். நிலம் தாழத் தாழ வாய்க்காலை மறுபடியும் ஆழமாக்க வேண்டும். ஆழமாக்கினால் மேல்மண் மறுபடியும் காயும். வறட்சி மாதங்களில் ஒரு சிகரெட் துண்டு போதும்.

வடிகால் பெரிதாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் உள்ளூர் ஆட்சி சிறுத்துக்கொண்டே வந்தது. 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய அமைந்த அரச விசாரணை ஆணையத்தின் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், நம்மவர். 1968இல் முடிந்த அந்த அறிக்கை தேர்தலை மீண்டும் நடத்தச் சொன்னது, அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு மன்ற உறுப்பினர்கள் மாநில அரசின் நியமனமானார்கள். அதே 1976 ஜனவரி முதல் நாளில் தீயணைப்புச் சேவையும் கூட்டரசின் கைக்குப் போனது. அதுவரை தீயணைப்புப் படைகளை நடத்தியவை உள்ளூர் ஆட்சிகள். ஊருக்கு ஊர் ஏற்றத்தாழ்வாக இருந்த படைகளை ஒன்றாக்கி, தரமான வாகனமும் பயிற்சியும் தந்த முடிவு அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டியோடு சேர்ந்து, நெருப்பைப் பற்றிய கவலையும் மன்றத்தின் வரவு செலவுக் கணக்கிலிருந்து போய்விட்டது. தீயை அணைப்பது பொம்பா, வாய்க்கால் வடிகால் துறை, நிலம் மாநிலம், புகை சுற்றுச்சூழல் துறை. மதிப்பீட்டு வரி வசூலிக்கும் மன்றத்துக்கு மிச்சம் இருப்பது குப்பையும் சாக்கடையும் உரிமங்களும். ஜொகூரில் இன்று 16 ஊராட்சி மன்றங்கள். ஜொகூர் பாருவின் வரி வசூலுக்கும் யோங் பெங், சிம்பாங் ரெங்கம் மாவட்ட மன்றங்களின் வசூலுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

1997ஆம் ஆண்டுப் புகைமூட்டத்துக்குப் பின் வந்த பணம் வேறுவிதமானது. கனடாவின் அனைத்துலக மேம்பாட்டு முகவாண்மை தந்த உதவியில் தென்கிழக்காசியாவுக்கான தீ அபாய மதிப்பீட்டு முறை உருவானது. 2003 முதல் மலேசிய வானிலைத் துறை அதை நடத்துகிறது. மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று இவற்றைக் கொண்டு மண் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று நாள்தோறும் வரைபடமாகத் தருகிறார்கள். 2002 ஜூன் 10 அன்று கோலாலம்பூரில் எல்லை கடந்த புகைமூட்டம் குறித்த ஆசியான் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தோனேசியா அதை அங்கீகரிக்க 2014 வரை ஆனது. இங்கே சுற்றுச்சூழல் துறை, ஜொகூர் உட்படக் கம்புட் உள்ள மாநிலங்களில் வாய்க்கால் தடுப்பணைகள், ஆழ்குழாய்க் கிணறுகள், நிலத்தடி நீரளவுக் குழாய்கள் என்று ஒரு தடுப்புத் திட்டத்தை நடத்திவருகிறது. உண்மையிலேயே சரியான திசை. வாய்க்கால் நீரை நிலமட்டத்திலிருந்து சுமார் அரை மீட்டர் ஆழத்தில் நிறுத்திவைத்தால் செம்பனையும் பிழைக்கும், மண்ணும் நனைந்திருக்கும்.

கட்டியதைப் பார்த்துக்கொள்வது யார்? தடுப்பணை என்பது பெரும்பாலும் சில பலகைகளோ மணல்மூட்டைகளோதான். மழைக்காலத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வயல் மூழ்கும்; பிப்ரவரிக்கு முன் திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் மண் காயும். கிணற்றின் பம்பை ஓட்டிப் பார்க்க வேண்டும், டீசல் வாங்க வேண்டும், புதர் வெட்ட வேண்டும். கட்டுமானத்துக்கு ஒருமுறை வரும் ஒதுக்கீட்டில் இந்தச் செலவுகள் அடங்குவதில்லை. புத்ராஜெயாவிலிருந்து ஒருவர் வந்து பலகை போட முடியாது. அந்த வேலையை அறிந்திருந்தவர் கெத்துவா பாரிட்.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் வருமானம். வருமான வரி கூட்டரசினுடையது. காட்டை வெட்டினால் மாநிலக் கருவூலத்துக்குப் பணம், ஈரமாக விட்டுவைத்தால் எதுவும் இல்லை. இந்தக் கோணலைச் சற்று நிமிர்த்தத்தான் பல்லுயிர்ப் பாதுகாப்புக்கான சூழலியல் நிதி மாற்றம் என்ற மானியம் 2019 வரவு செலவுத் திட்டத்தில் 6 கோடி ரிங்கிட்டுடன் தொடங்கியது. 2024க்கு 20 கோடி, 2025க்கு 25 கோடி என்று வளர்ந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பரப்பைக் கணக்கிட்டு மாநிலங்களுக்குப் போகும் பணம் அது. ஆனால் ஜொகூரின் கம்புட் நிலத்தில் பெரும்பகுதி இன்று காடே அல்ல. வடக்கு ஜொகூரின் ஆயர் ஈத்தாம் காட்டைப் போன்ற சில மிச்சங்கள் தவிர, மற்றதெல்லாம் செம்பனையும் அன்னாசியும் கைவிடப்பட்ட மனைகளும். பாதுகாக்கப்பட்ட பரப்பை மட்டும் எண்ணும் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. நெருப்பு பார்ப்பது காய்ந்த மண்ணை மட்டுமே.

ஊருக்கே நேராகப் போகும் மானியத்துக்கு வெளிநாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் ஊர்களின் காட்டுத்தீத் தற்காப்புக்கென ஐந்து ஆண்டுக்கு 100 கோடி டாலர் மானியம் ஒதுக்கியது. திட்டம் எழுதுவதற்கே ஓர் ஊருக்கு 2.5 லட்சம் டாலர் வரையும், வேலைக்கு 1 கோடி டாலர் வரையும் கேட்கலாம். வேலைக்குப் பணம் வேண்டுமென்றால் பத்தாண்டுக்கு மேல் பழையதாகாத ஒரு தற்காப்புத் திட்டம் கையில் இருக்க வேண்டும். 2003இல் வந்த சட்டத்தின்படி அத்திட்டத்தை உள்ளூர் ஆட்சியும் உள்ளூர் தீயணைப்புத் துறையும் மாநில வனத்துறையும் சேர்ந்து ஏற்க வேண்டும். அங்கேயும் குறை உண்டு. விண்ணப்பம் எழுத ஆள் வைத்திருக்கும் பணக்கார ஊர்கள் முந்திக்கொள்ளும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று ஒப்புதல் எனக்குப் பிடித்திருக்கிறது. நெருப்பைத் துறைவாரியாகப் பிரித்துக்கொள்ள அது விடாது.

பொந்தியானுக்கும் பத்து பகாட்டுக்கும் அதே போன்ற ஒரு தாள் எழுதலாம். நகராண்மைக் கழகம், மாவட்ட பொம்பா, வடிகால் நீர்ப்பாசனத் துறை மூன்றும் கையெழுத்திட வேண்டும். எந்தப் பாரிட்டில் எத்தனை தடுப்புகள், வறட்சிக்கு முன் நீர்மட்டம் எவ்வளவு, பலகை யார் பொறுப்பு என்று அதில் இருக்க வேண்டும். சூழலியல் நிதி மாற்றத்தின் ஒரு சிறு பங்கை மாநிலம் அந்த மன்றங்களுக்கே ஆண்டுதோறும் தர வேண்டும். கட்டிய அணைகளின் எண்ணிக்கைக்காக அல்லாமல், பிப்ரவரியிலும் ஜூலையிலும் நீரளவுக் குழாய் காட்டும் அளவுக்காக அந்தப் பணம் போக வேண்டும். எரிக்காமல் நிலம் சுத்தம் செய்யும் சிறுதோட்டக்காரருக்கு இயந்திர வாடகையில் ஒரு பகுதியை அதிலிருந்தே கொடுக்கலாம். கெத்துவா பாரிட்டுக்கு ஒரு மாதப் படியும் கொடுக்கலாம்.

இந்தத் தாழ்நிலங்களின் ஓரம் நம் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, குறைந்த விலை வீடுகளுக்கு இடம்பெயர்ந்த தோட்டக் குடும்பங்கள் இருக்கின்றன. ஊராட்சி மன்றங்களில் நியமனம் பெற்ற தமிழ் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். தெருவிளக்கும் கோயில் நிலமும் அவர்களிடம் எப்போதும் கேட்கப்படுகின்றன. அவற்றைக் கேட்பதில் தவறில்லை. அடுத்த வரவு செலவுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, நம் எல்லைக்குள் எத்தனை தடுப்பணைகள் இருக்கின்றன, கடந்த வறட்சியில் எத்தனை மூடியிருந்தன, பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்று கேட்டுப் பதிலை அறிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.