மருதம்பட்டையும் மனப்பாரமும்



வீட்டுத் தரிசிப்புக்குப் போகும்போது அடிக்கடி கேட்பது, "நெஞ்சு படபடக்குது பிள்ளை" என்பதுதான். சில வீடுகளில் அதற்கு மருதம்பட்டைக் கஷாயம் அடுப்பில் கொதிக்கும்.

மருதமரம் வன்னியின் ஆற்றங்கரைகளில் வளர்வது. தீவகத்தில் நாங்கள் காய்ந்த பட்டையாகவே வாங்குகிறோம். சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் இதை நெடுங்காலமாக இருதய நோய்க்குக் கொடுக்கின்றன. நெஞ்சுவலியைக் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆனாலும் கிளினிக் குளிசைகளை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கக் கூடாது. பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்டே பாவிக்க வேண்டும். கைதடி சித்த போதனா வைத்தியசாலையில் ஆலோசனை பெறலாம்.

மூச்சுவாங்கல், தாடை அல்லது முதுகு நோ, ஓங்காளம், காரணமில்லாத களைப்பு: பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும். அந்த நேரம் கஷாயம் காய்ச்சிக்கொண்டு விடியும்வரை பொறுத்திருக்காதீர்கள். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படகுப் பயணம். உடனே ஊர் வைத்தியசாலைக்குப் போங்கள்.

வைத்தியர் சோதித்து, "இருதயத்தில் குறையில்லை" என்ற பிறகும் படபடப்பு வரலாம். 1985 மே 15 இல் குமுதினிப் படகில் உறவைப் பறிகொடுத்தவருக்குப் படகில் கால் வைத்ததும் வரலாம். மகனைத் தேடும் தாய்க்குக் கதவு தட்டும் சத்தத்தில் வரலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டைக்கு எட்டாத இந்த நோவை நம்பிக்கையானவரிடம் கதைத்து ஆற்ற வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கமான 1926 இற்கும் அழைக்கலாம்.

இன்று பின்னேரம் அயல்வீட்டு அக்காவை ஒரு பிளேன்ரீக்குக் கூப்பிடுங்கள். அவரும் யாரும் கேட்கமாட்டார்களா என்று இருக்கக்கூடும்.