அங்கோருக்குப் போகிறவர்களுக்கு

நம்மவர்கள் இப்போது குழுக்குழுவாகக் கம்போடியா போகிறார்கள். அங்கோர் வாட் கோபுரங்களைப் பார்த்துப் பல்லவர், சோழர் பெருமை பேசித் திரும்புகிறார்கள். பார்க்க வேண்டிய கோயில்தான். ஆனால் அதே நாட்டின் தலைநகர் புனோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அண்மையில் அங்கே போய்வந்ததிலிருந்து வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

1975 ஏப்ரல் 17இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை நகரைப் பிடித்தது. சில நாட்களுக்குள் மக்கள் அனைவரையும் வயல்களுக்கு விரட்டியது. ஆளில்லாத ஊரில் அந்த உயர்நிலைப் பள்ளி ‘எஸ்-21’ என்ற ரகசியச் சிறையாயிற்று. இன்று அது துவோல் ஸ்லெங் அருங்காட்சியகம். வகுப்பறைத் தரையில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஓடுகள். அவற்றின் மேலேயே பூச்சில்லாமல் செங்கல் அடுக்கி எழுப்பிய கொட்டடிகள். ஒரு கட்டடத்தின் தாழ்வாரம் முழுக்க முள்கம்பி. சித்திரவதை தாங்காமல் கைதிகள் மாடியிலிருந்து குதித்துச் சாகக்கூடாதாம். எப்போது சாவது என்பதையும் சிறையே தீர்மானிக்கும். அடிபடும்போது அழக்கூடாது என்று விதி வேறு.

உள்ளே வந்தவர்களைப் படம் எடுத்தார்கள். ஒப்புதல் வாக்குமூலம் எழுதவைத்தார்கள். சிறைத் தலைவன் டூச் முன்னாள் கணித ஆசிரியர். அந்தத் தாள்களின் ஓரத்தில் மாணவர் விடைத்தாளைத் திருத்துவதுபோல் குறிப்பெழுதினார். குறைந்தது 12,272 பேர் இந்தச் சிறைக்குப் பலியானதாக, கெமர் ரூஜ் குற்றங்களை விசாரித்த நீதிமன்றம் 2010இல் உறுதிசெய்தது. சுவரில் வரிசையாக அந்த முகங்கள். கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தாயின் படத்தைத் தாண்டி என்னால் நடக்க முடியவில்லை.

வெறி பிடித்த கும்பலின் வேலை என்று இதைச் சொல்லிவிட முடியாது. கோப்பு, பதிவேடு, கையொப்பம் எல்லாம் ஒழுங்காக இருந்த ஓர் அலுவலகம் இதைச் செய்தது.

உலகம் செய்தது அதைவிடக் கசப்பானது. 1979 ஜனவரியில் வியட்நாம் படை கெமர் ரூஜை விரட்டியது. சிறை வெளிச்சத்துக்கு வந்தது. ஆனாலும் அந்த ஆண்டே ஐ.நா. பொதுச்சபை, கம்போடியாவின் இருக்கையைக் கொலைகாரர்களிடமே விட்டுவைத்தது. அமெரிக்கா, சீனா, பிரிட்டன் எல்லாம் அதற்கு ஆதரவு. வியட்நாம் மீதிருந்த பகை அவர்களுக்குப் பெரிதாகப் போயிற்று. 1980இல் இந்திரா காந்தி அரசு புனோம் பென்னின் புதிய அரசை அங்கீகரித்தது. அந்த ஒரு முடிவுக்காக நாம் தலைநிமிரலாம். கெமர் ரூஜ் தலைவர் போல் பாட் எந்தச் சர்வதேச நீதிமன்றத்திலும் நிற்காமல் 1998இல் செத்தார். சுமார் 17 லட்சம் உயிர்களுக்குக் கணக்குக் கேட்கப் பின்னால் அமைந்த நீதிமன்றம் தண்டித்தது மூன்றே பேரை.

அங்கோர் போகும் நண்பர்களே, புனோம் பென்னுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். அந்த முகங்களைப் பார்த்துவிட்டு வந்து, 1979 வாக்கெடுப்பில் எந்த நாடு எந்தப் பக்கம் நின்றது என்பதையும் தேடிப் படியுங்கள்.