உண்பதற்கு முன் ஒரு சாட்சி

போடிநாயக்கனூர் ஏலத்தில் விற்பவர் சொல்லை மட்டும் நம்பி எவரும் ஏலக்காய்க்கு விலை கூறார். மாதிரியைப் பார்த்த பின்னரே கூறுவர். மரபணு மாற்றிய உணவையோ கண் அறியாது, ஆய்வுக்கூடமே அறியும்.

காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைப் புகுத்திய பி.டி. கத்தரிக்காய்க்கு, 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு இசைவளித்தது. சார்பற்ற ஆய்வு தேவையெனக் கூறி, 2010 பிப்ரவரி 9இல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதனை நிறுத்திவைத்தார்.

தன் ஆதாயத்திற்குத் தானே கூறும் சாட்சியை ஷரீஅத் ஏற்பதில்லை. தயாரித்தவரே நடத்தும் ஆய்வும் அத்தகையதே.

சந்தையிலுள்ள இவ்வகை உணவுகளால் தீங்கு காணப்படவில்லை என்னும் உலக சுகாதார நிறுவனம், ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய வேண்டுமென்றும் கூறுகிறது. ஆகவே, நஞ்சென வதந்தி பரப்புவதும் தகாது. ஆராயாமல் ஏற்பதும் தகாது. ஆதாயமற்றோர் ஆய்ந்து, முடிவை மக்கள்முன் வைக்கட்டும். ஹலாலுடன் ‘தய்யிப்’ எனும் நலத்தையும் நாடுவதே நம் கடமை.