இலவசம்தான்... ஆனால் காசு கொடுப்பது யார்?



பரீட்சை முடிந்து என் பேரனும் பேத்தியும் ஊருக்கு வந்திருந்தார்கள். வந்த மறுநாளே கூடத்தில் சண்டை! எந்த ஆப்பில் டிவி நிகழ்ச்சி பார்ப்பது நல்லது என்பதுதான் வழக்கு.

"யூடியூப்தான். சல்லிக்காசு கொடுக்க வேண்டாம்" என்றான் நான்காம் வகுப்புப் பேரன். "நடுநடுவே விளம்பரம் வருமே! சந்தா கட்டிப் பார்ப்பதுதான் நல்லது" என்றாள் ஏழாம் வகுப்புப் பேத்தி. "தாத்தா, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்று இருவரும் என்னிடம் வந்துவிட்டார்கள்.

கரும்பலகை முன் காலமெல்லாம் நின்றவன் சும்மா தீர்ப்பு சொல்வேனா? ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னேன்: பணம், விளம்பரம், டேட்டா. நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம், பணம். நெட்பிளிக்ஸ் 1997-ல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். முதலில் டிவிடிகளைத் தபாலில் அனுப்பி வாடகைக்கு விட்டது. 2007-ல்தான் இணையம் வழியே படம் காட்டத் தொடங்கியது. இந்தியாவுக்கு 2016 ஜனவரியில் வந்தது. சந்தா கட்டினால்தான் கதவு திறக்கும்.

"அப்போ இலவசமே மேல்!" என்று குதித்தான் பேரன். பொறு என்றேன். 2023-ல் ஐ.பி.எல். போட்டிகளை ஜியோ சினிமா இலவசமாகக் காட்டியது, நினைவிருக்கிறதா? 2025 பிப்ரவரி 14-ல் அதுவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி 'ஜியோஹாட்ஸ்டார்' ஆனது. அந்த ஆண்டு எல்லாப் போட்டிகளையும் முழுதாகப் பார்க்க, சந்தாவோ சந்தா சேர்ந்த ரீசார்ஜோ வேண்டியிருந்தது. புதிதாகத் திறந்த கடையில் முதல் நாள் எல்லோருக்கும் மிட்டாய் கொடுப்பார்கள். தினமும் கொடுப்பார்களா? போட்டிக் கடைகள் இரண்டும் ஒன்றாகிவிட்டால், மிட்டாய் கொடுத்து ஆள் பிடிக்க வேண்டிய அவசியமும் குறைந்துவிடும்.

இரண்டாம் கட்டம், விளம்பரம். யூடியூப் 2005-ல் பிறந்தது. மறு ஆண்டே கூகுள் அதை வாங்கியது. நாம் பணம் தராவிட்டால் அதற்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகளிடமிருந்து. அவர்கள் வாங்குவது என்ன தெரியுமா? உங்கள் கவனத்தை! அதனால்தான் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. நீங்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அவ்வளவு விளம்பரம் காட்டலாம்.

இன்னொன்றும் உண்டு. யார் எதைப் பார்க்கிறார்கள் என்ற தகவலும் விலை போகும் பொருள்தான். குழந்தைகளைப் பற்றிய தகவல்களைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் சேகரித்ததாக எழுந்த வழக்கில், 2019-ல் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

"பார்த்தியா! நான்தான் ஜெயிச்சேன்" என்றாள் பேத்தி. அவளையும் உட்காரச் சொன்னேன். அமேசான் பிரைம் வீடியோவில் சந்தா கட்டியவர்களுக்கும் 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் விளம்பரம் காட்டுகிறார்கள். அது வேண்டாம் என்றால் மேலும் பணம் கட்ட வேண்டும். ஆக, காசு கொடுத்தாலும் விளம்பரம் வரலாம்.

மூன்றாம் கட்டம், டேட்டா. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நல்ல தெளிவான எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜி.பி. வரை செலவாகும் என்று நெட்பிளிக்ஸே சொல்கிறது. சாதாரணத் தரத்தில் 0.7 ஜி.பி. வரைதான். வீட்டில் ஒரே ஒரு போன், நாளுக்கு 1.5 ஜி.பி. டேட்டா என்றால் என்ன ஆகும்? கணக்குப் போடுங்கள். எச்.டி.யில் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடலாம்!

இந்தக் கட்டத்தை எழுதும்போது இருவரும் சத்தமே போடவில்லை. காரணம் உண்டு. முந்தின நாள் மாலை, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர்கள் அப்பா வீடியோவில் கூப்பிட்டார். டேட்டா தீர்ந்து போயிருந்தது. முகம் தெரியவில்லை. வெறும் குரல் அழைப்பில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிட்டார். அன்று பகல் முழுக்க ஓடியது கார்ட்டூன்தான். இலவசமாகப் பார்த்த கார்ட்டூனுக்கு அவர்கள் கொடுத்த விலை, அப்பாவின் முகம்.

என் தீர்ப்பு இதுதான்: இரண்டு பேருக்கும் பாதி மார்க்! எந்த ஆப் ஆனாலும் யாரோ விலை கொடுக்கிறார்கள். சில இடத்தில் அம்மா அப்பாவின் பணம், சில இடத்தில் உங்கள் நேரம், எல்லா இடத்திலும் டேட்டா. மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுக்கு எது கட்டுப்படியாகும் என்று பெரியவர்களோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. நிகழ்ச்சி பார்க்கும்போது பக்கத்தில் நோட்டை வையுங்கள். எத்தனை விளம்பரம் வந்தது, எத்தனை நிமிடம் போனது, எவ்வளவு டேட்டா தீர்ந்தது என்று குறித்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பாருங்கள். தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். அடுத்து என்ன பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தானே?