பேரவையைப் பூட்டும் கையெழுத்து

போடிநாயக்கனூர்க்காரர்களுக்குச் சட்டப்பேரவை எங்கோ இருக்கும் விஷயமல்ல. 1989இல் எதிர்க்கட்சித் தலைவரான ஜெயலலிதாவை அனுப்பிய தொகுதி இது. 2011 முதல் மூன்று தேர்தல்களில் தொடர்ந்து ஓ.பன்னீர்செல்வத்தைத் தேர்ந்தெடுத்தது. 2017இல் ஆட்சியின் பெரும்பான்மைச் சண்டைக்கு நடுவில் நின்றவரும் அவர்தான்.

அந்த ஆண்டு பிப்ரவரி 18 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி 122-11 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றார். எதிர்த்து வாக்களித்தவர்களில் போடி உறுப்பினரும் ஒருவர். மார்ச் 16 அன்று பட்ஜெட் தாக்கலானது. துறைவாரி மானியக் கோரிக்கைகளை எடுக்காமலேயே அவை ஒத்திவைக்கப்பட்டது. மே மாதம், பொறுப்பு ஆளுநர் வித்யாசாகர் ராவ் கூட்டத்தொடரை முடித்துவைத்தார். அவை மீண்டும் கூடியது ஜூன் 14 அன்று.

மானியக் கோரிக்கை என்றால் வெறும் கணக்கு வழக்கல்ல. விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்களில் நெருக்கியடித்து, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் போகும் சாலை, அடிபட்டால் ஓட வேண்டிய ஆஸ்பத்திரி, மாநில எல்லை தாண்டிய கூலி வேலைக்கான பாதுகாப்பு ஆகியவற்றைத் துறை அமைச்சரிடம் நேருக்கு நேர் கேட்கும் இடம் அந்த விவாதம்தான். அது தள்ளிப்போனால், அவர்களின் கேள்வியும் தள்ளிப்போகிறது.

ஒத்திவைக்கப்பட்ட அவையைப் பேரவைத் தலைவரே மறுபடி கூட்டலாம். முடித்துவைத்துவிட்டால், அரசமைப்பின் 174ஆவது பிரிவின்படி ஆளுநர்தான் அழைக்க வேண்டும். நிலுவை மசோதாக்கள் காலாவதியாவதில்லை. ஆனால் கூட்டத்தொடர் இல்லாத நாள்களில், 213ஆவது பிரிவின்படி அவசரச் சட்டத்துக்கு வழி திறக்கிறது.

ஆளுநரின் கையெழுத்து இருப்பதால் கோபமெல்லாம் ஆளுநர் மாளிகை பக்கம் திரும்புகிறது. 2022 பிப்ரவரியில் மேற்கு வங்கப் பேரவைத் தொடரை அப்போதைய ஆளுநர் ஜக்தீப் தன்கர் முடித்துவைத்தபோது, அன்று தமிழ்நாட்டு முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலினும் கண்டித்தார். பரிந்துரைத்ததோ அங்கே முதல்வராக இருந்த மம்தாவின் அமைச்சரவை! அவையைக் கூட்டுவதிலும் முடித்துவைப்பதிலும் ஆளுநர் அமைச்சரவை சொல்கேட்டே நடக்க வேண்டும் என்று நபம் ரெபியா வழக்கில் 2016இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆளுநர்களோடு மோத மாநிலங்களுக்கு வேறு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் இதில் சாவி ஆளுங்கட்சியிடமே இருக்கிறது.

ஆபத்தும் அங்கேதான். இலங்கையில் 2018 அக்டோபரில் பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கிய அதிபர் சிறிசேன, மறுநாளே நாடாளுமன்றத்தை நவம்பர் 16 வரை முடக்கினார். பெரும்பான்மை திரட்ட அவகாசம் தேடிய வேலை அது. பிரிட்டனில் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் மூடப் பார்த்தார். 2019 செப்டம்பர் 24 அன்று வழக்கை விசாரித்த அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்து அதைச் செல்லாது என்றனர்.

நம் அரசமைப்பு கேட்பதோ இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையிலான இடைவெளி ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்பதை மட்டுமே. பெரிய மாநிலங்களின் பேரவைகள் ஆண்டுக்கு 90 நாள்களாவது கூட வேண்டும் என அரசமைப்புச் செயல்பாட்டு மறுஆய்வு ஆணையம் 2002இலேயே பரிந்துரைத்தது. அதைச் சட்டமாக்க வேண்டும். மானியக் கோரிக்கைகளோ நம்பிக்கையில்லாத் தீர்மானமோ நிலுவையில் இருக்கும்போது தொடரை முடித்துவைக்க அமைச்சரவை பரிந்துரைக்கக் கூடாது என்ற விதியையும் தமிழ்நாடு பேரவை தானே முன்வந்து இயற்ற வேண்டும்.